டிபிஏ வேலை முடிந்துவிட்டதா, எதைப் படிப்பது?

2024 மே 4, மாலை. இழையைத் தொடங்கியவர் கேட்டது

அண்ணா, எனக்குப் பாலக்கோடு பக்கம். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) ஓரளவு தெரியும். டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ வேலைக்குப் போகலாம் என்று ஆசை. கூட இருப்பவர்கள், "கிளவுடு வந்ததும் டிபிஏ வேலை முடிந்தது, ஏஐ வந்ததும் எஸ்க்யூஎல்லே முடியப்போகிறது, வேறு எதையாவது படி" என்கிறார்கள். உண்மையா? இல்லை என்றால் எந்தப் புத்தகத்தில் தொடங்கட்டும்?

2024 மே 4, இரவு

முடியவில்லை தம்பி. நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து யாராவது இதற்கு நாள் குறித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2009-ல் அமேசான், டேட்டாபேஸை வாடகைக்கு விடும் ஆர்டிஎஸ் சேவையைக் கொண்டுவந்தபோது சொன்னார்கள். 2017-ல் டேட்டாபேஸ் கம்பெனியான ஆரக்கிள், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ் என்று அறிவித்தபோது இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் எனக்கு வேலை கூடியது.

கிளவுடு எடுத்துக்கொண்டது இன்ஸ்டால் செய்வது, பேட்ச் போடுவது, டிஸ்க் நிரம்பினால் கூட்டுவது ஆகியவற்றை. அவை போனதில் எனக்கு வருத்தமே இல்லை. டேபிளை எப்படிப் பிரிப்பது, நேற்றுவரை ஓடிய குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இன்று ஏன் நிற்கிறது, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி, எடுத்த பேக்கப் திரும்ப வருமா என்பதெல்லாம் இன்னும் நம் தலையில்தான். முன்பு மோசமான குவெரி எழுதினால் சர்வர் திணறும். இப்போது சர்வர் பெரிதாகிக்கொண்டே போகும், மாதக் கடைசியில் பில் வரும். பில்லைப் பார்த்த பிறகு ஆள் தேடுகிறார்கள்.

புத்தகம் என்றால் சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதிய 'டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்'. அட்டையில் பாய்மரப் படகு போட்டிருக்கும். உன் கல்லூரியிலேயே இருந்திருக்கும். சுதர்சன் ஐஐடி மும்பைப் பேராசிரியர், பி.டெக். படித்தது சென்னை ஐஐடியில். கல்லூரிகளில் நார்மலைசேஷன் (ஒரே தகவல் பல இடத்தில் வராமல் டேபிள்களைப் பிரிப்பது) வரை நடத்திவிட்டுப் பின்பாதியை ஓட்டிவிடுவார்கள். நீ பின்பாதியை எடு. டேட்டா டிஸ்க்கில் எப்படி உட்காருகிறது, இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அடைவு), குவெரி எப்படி நடக்கிறது, டிரான்சாக்‌ஷன் (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் நடக்கவே கூடாத மாற்றங்களின் தொகுப்பு), ரிக்கவரி (பழுதுக்குப் பின் மீட்பது). இந்த ஐந்தும் தெரிந்தவன் வேலையில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

2024 மே 5, காலை

நான் எப்படி இந்தப் பக்கம் வந்தேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தருமபுரியில் பட்டப்படிப்பு. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கணக்கு, ஃபாக்ஸ்ப்ரோ என்ற அந்தக் கால டேட்டாபேஸில். அப்புறம் பெங்களூரில் ஆரக்கிள். அதன்பின் ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸுக்கு மாற்றித் தரும் வேலைகள். இப்போது காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தே.

இதில் சொல்ல வேண்டியது ஃபாக்ஸ்ப்ரோ காலம்தான். சாயங்காலம் கரண்ட் போகும். யுபிஎஸ் பேட்டரி பேருக்குத்தான் இருக்கும். கரண்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், கடைசியாக அடித்த சீட்டுகளைக் காணோம். அவை ஃபைலில் போய் உட்கார்ந்திருக்கும். ஆனால் டேபிள் இருக்கும் டிபிஎஃப் ஃபைலின் தலைப்பில் மொத்தம் எத்தனை ரெக்கார்டு என்று ஓர் எண் உண்டு, அது மாறுவதற்குள் கரண்ட் போயிருக்கும். அந்த எண்ணுக்கு அப்பால் இருப்பதை ஃபாக்ஸ்ப்ரோ கண்டுகொள்ளாது. சில நாள் இன்டெக்ஸ் ஒரு கணக்கு சொல்லும், டேபிள் வேறு கணக்கு சொல்லும். ரீஇன்டெக்ஸ் கொடுத்துவிட்டு, லோடு ஏற்ற வந்த டிரைவர்களிடம் சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

பெங்களூர் போனபோது அங்கே ஆரக்கிள் சர்வரின் மின்சாரத்தை என் கண்முன்னே பிடுங்கிக் காட்டினார் ஒரு சீனியர். மறுபடி ஏற்றினார். கமிட் (முடிந்தது, பதிவு செய் என்ற கட்டளை) கொடுத்த எல்லாம் இருந்தது. கொடுக்காத எதுவும் இல்லை. எப்படி என்று கேட்டேன். "படி" என்று மட்டும் சொன்னார். என் படிப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

2024 மே 5, இரவு

மின்சாரத்தைப் பிடுங்கியும் டேட்டா எப்படித் தப்பியது என்ற பதிலைச் சொல்லாமல் போய்விட்டேன் என்று இரண்டு பேர் கேட்கிறார்கள்.

மண்டிக் கணக்குப்பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். எது நடந்தாலும் முதலில் சிட்டாவில் வரிசையாக எழுதுவார். பிறகு நேரம் கிடைக்கும்போது பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார். பேரேட்டில் பாதி ஏற்றும்போது எழுந்து போக நேர்ந்தாலும் சிட்டா இருக்கிறது, அதைப் பார்த்து மீதியை ஏற்றிவிடலாம். டேட்டாபேஸும் அப்படியே. மாற்றத்தை முதலில் லாக் ஃபைலில் எழுதி டிஸ்க்கில் சேர்த்துவிட்டுத்தான் கமிட் ஆனது என்று உங்களிடம் சொல்லும். டேபிளின் பக்கங்கள் மெதுவாகப் பின்னால் மாறும். மின்சாரம் போய் வந்தால் லாக்கைத் தேவையான இடத்திலிருந்து ஓட்டி, நடந்ததை எல்லாம் திரும்ப நடத்தி, கமிட் ஆகாததை மட்டும் பின்னோக்கி அழிக்கும்.

இதை முழுமையாக எழுதிவைத்தது 'ஏரீஸ்' என்ற ஆய்வுக் கட்டுரை, 1992. முதல் பெயர் சி. மோகன். தமிழ்நாட்டுக்காரர். சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு டெக்சாஸில் முனைவர் பட்டம் வாங்கி ஐபிஎம்மில் சேர்ந்தவர், 1997-ல் ஐபிஎம் ஃபெலோ ஆனார். இன்று உலகத்தில் எத்தனையோ டேட்டாபேஸ்கள் மின்வெட்டிலிருந்து எழுந்து வருவது இவரும் இவருடைய குழுவும் வகுத்த முறையிலோ, அதைத் தழுவிய முறையிலோதான். கல்லூரியில் நமக்கு யாரும் இந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆற்றாமை.

கட்டுரை அறுபது பக்கத்துக்கு மேல் போகும், கடினம். படகுப் புத்தகத்தின் ரிக்கவரி அத்தியாயத்தில் அதன் சாரம் இருக்கிறது. முதலில் அது.

2024 மே 7

"1992 கட்டுரை, 1970 கட்டுரை என்று பழங்கதை பேசினால் வேலை கிடைக்காது, இன்று கேட்பது கிளவுடு சான்றிதழ்" என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே நுழைய அது உதவும். ஆனால் ஒவ்வொரு வெண்டரும் ஒரே விஷயத்துக்கு வேறு வேறு பெயர் வைத்து விற்கிறார்கள். அந்த லாக் ஃபைலையே ஆரக்கிளில் ரீடூ லாக், போஸ்ட்கிரெஸில் வால் (WAL) என்பார்கள். உள்ளே நடப்பது ஒன்றே. பெயரைப் படித்தவன் வெண்டர் மாறும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1970 கட்டுரை என்று நீங்கள் சொன்னது எட்கர் காட் எழுதியது. பதினொரு பக்கம்தான். டேட்டா மெஷினுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பதுதான் அதன் அடிப்படை. அதுவரை ஒரு ரெக்கார்டிலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு புரோகிராமர் நடந்தே போக வேண்டும். காட் வேலை பார்த்த ஐபிஎம்மிலேயே இதை உடனே ஏற்கவில்லை. அங்கே சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974-ல் எஸ்க்யூஎல்லின் முதல் வடிவத்தை எழுதினார்கள். அந்தப் பக்கம் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கர் குழு இங்கிரெஸ் டேட்டாபேஸைக் கட்டியது, 1986-ல் போஸ்ட்கிரெஸைத் தொடங்கியது. இன்று பெரிய கிளவுடுக் கம்பெனிகள் எல்லாம் வாடகைக்கு விடும் போஸ்ட்கிரெஸ் அதன் வழிவந்ததுதான்.

2024 மே 11

தம்பி தனியாக ஒன்று கேட்டான், இங்கே பதில் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும். தமிழ் வழியில் படித்தவன், ஆங்கிலப் புத்தகத்தில் பத்துப் பக்கம் போவதற்குள் தூக்கம் வருகிறது என்கிறான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.54 சதவீதம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரி. ஆகவே தூக்கம் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். புத்தகத்தைத் தனியாகப் படிக்காதே. பக்கத்தில் போஸ்ட்கிரெஸ் திறந்திருக்கட்டும், இலவசம்தான், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஒரு பத்தி படி. அது சொல்வதை உனக்குத் தெரிந்த டேபிளில் செய்து பார். தக்காளி மண்டி வரவு, பஸ் நேரம், உன் வகுப்பு மார்க், எதுவானாலும் சரி. என்டர் தட்டுவதற்கு முன் என்ன வரும் என்று நோட்டில் எழுதிவிடு. வந்தது வேறாக இருந்தால் அங்கே நில், அதுதான் அன்றைய பாடம். கடைசியில் அந்தப் பத்தியை உன் தமிழில் நாலு வரி எழுது. தமிழில் எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். ஓசூர் பஸ்ஸில் போகும்போது நோட்டை மட்டும் புரட்டு.

2024 மே 12

தமிழ் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்காதது, இங்கே வேலை செய்கிறவர்களுக்கு அவசியம் வேண்டியது.

ஊர்ப் பெயர் டேபிளில் மொரப்பூர் இருக்கிறது. தேடினால் சில வரிகள் வருகின்றன, சில வரவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காரணம், 'மொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக வந்தும் இருக்கலாம். எந்தக் கீபோர்டில் அடித்தார்கள், எந்த ஃபைலிலிருந்து ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். தொப்பூர், பொம்மிடி, போச்சம்பள்ளி எல்லாவற்றுக்கும் இதே கதை. டேட்டா உள்ளே வரும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து இதற்கு நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

அடுத்தது வரிசை. சும்மா பைட் வரிசையில் அடுக்கினால் காவேரிக்கு முன்னால் காளியப்பன் வந்து நிற்பார். யூனிகோடு அட்டவணையில் வகரத்துக்கு முன்னால் ள, ழ இரண்டையும் வைத்திருக்கிறார்கள். தமிழ் வரிசை வேண்டும் என்றால் ஐசியூ கொலேஷனை (மொழிவாரி வரிசை விதி) தமிழுக்கு அமைக்க வேண்டும், போஸ்ட்கிரெஸில் 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து முடியும்.

இன்னொன்று நீளம். காவேரிப்பட்டணம் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் 15 குறி, டிஸ்க்கில் எழுதும் யுடிஎஃப்-8 வடிவில் 45 பைட். ஆரக்கிளில் ஒன்றும் சொல்லாமல் 40 என்று காலம் (டேபிளின் நெடுவரிசை) போட்டால் அது 40 பைட். எங்கள் ஊர்ப் பெயரே அதில் அடங்காது.

2024 மே 18

குவெரியை எந்த வழியில் நடத்தப்போகிறது என்று டேட்டாபேஸ் காட்டும் எக்ஸ்பிளெய்னை எப்படிப் படிப்பது என்று கேட்டவருக்கு.

முதலில் பார்க்க வேண்டியது காஸ்ட் (அது மதிப்பிடும் செலவு) இல்லை. எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை வரிசை (ரோ) வரும் என்று அது நினைத்தது, உண்மையில் எத்தனை வந்தது என்ற இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். முதன்முதலில் எங்கே பெரிய வித்தியாசம் வருகிறதோ அங்கேதான் பெரும்பாலும் வியாதி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 38 மாவட்டத்துக்கும் சமமாக 38 லட்சம் வரிசை, மாவட்டத்துக்கு ஒரு லட்சம். அதில் பர்கூர் வட்டம் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். குவெரியில் மாவட்டம் கிருஷ்ணகிரி, வட்டம் பர்கூர் என்று இரண்டு நிபந்தனையும் போடுகிறீர்கள். பர்கூர் முழுக்கக் கிருஷ்ணகிரியில்தான் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானருக்குத் தெரியாது. 38-ல் ஒரு பங்கு, அதில் 380-ல் ஒரு பங்கு என்று பெருக்கி 263 வரிசை வரும் என்று நினைக்கும். வருவது 10,000. 263-தானே என்று நெஸ்டெட் லூப்பைத் தேர்ந்தெடுக்கும், ஒவ்வொரு வரிசைக்கும் இன்னொரு டேபிளில் போய்த் தேடும், ரிப்போர்ட் நின்றுவிடும். இரண்டு காலமும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் சொல்லிவிட்டு, அனலைஸ் ஓட்டினால் சரியாகும்.

இப்படிச் செலவைக் கணித்து வழியைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1979-ல் பட்ரீஷியா செலிங்கரும் உடனிருந்தவர்களும் ஐபிஎம்மில் எழுதினார்கள். நிபந்தனைகளைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டு பெருக்குவது அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. படித்தால் பிளானர் மேல் கோபம் போய், அதற்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று யோசிக்கத் தோன்றும்.

2024 மே 19

முதல் நாள் சொன்ன வரிசையை மாற்றுகிறேன். படகுப் புத்தகம் கல்லூரியில் இருப்பவர்களுக்கு. தம்பி போல வேலையில் இருந்துகொண்டு இரவில் படிக்கிறவர்களுக்கு மார்கஸ் வினாண்டின் 'எஸ்க்யூஎல் பெர்ஃபார்மன்ஸ் எக்ஸ்பிளெய்ண்டு' முதலில் வரட்டும். சிறிய புத்தகம், இன்டெக்ஸ் ஒன்றையே பிடித்துக்கொண்டு சொல்கிறது, அதே விஷயத்தை அவர் இணையத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறார். இன்று இரவு படித்ததை நாளை ஆபீசில் செய்து காட்டலாம். அந்த ருசி கிடைத்த பிறகு தடித்த புத்தகம் பயம் காட்டாது.

அடுத்து பில் கார்வினின் 'எஸ்க்யூஎல் ஆன்ட்டிபேட்டர்ன்ஸ்'. அதன் பிறகு படகு. அதன் பிறகு மார்ட்டின் கிளெப்மன் 2017-ல் எழுதிய 'டிசைனிங் டேட்டா-இன்டென்சிவ் அப்ளிகேஷன்ஸ்', பல சர்வர்களில் டேட்டா பரவிக் கிடக்கும்போது எதெல்லாம் பொய்யாகும் என்று அதைவிடத் தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ஆரக்கிள் கடையில் வேலை கிடைத்தால் கேரி மில்சாப், ஜெஃப் ஹோல்ட் எழுதிய 'ஆப்டிமைசிங் ஆரக்கிள் பெர்ஃபார்மன்ஸ்'. 2003 புத்தகம். சர்வரின் விகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்காதே, பயனாளர் காத்திருந்த நேரம் எங்கே போனது என்று அள என்கிறது. ஆரக்கிளே இல்லாத இடத்திலும் அதை வைத்துத்தான் நான் வேலை செய்கிறேன்.

2024 ஜூன் 2

மாங்காய் சீசன். எங்கள் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் சாஃப்ட்வேர் அடிக்கடி நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். வாசலிலிருந்து ரோடு வரை பெங்களூரா காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும். எடைமேடையில் இருந்த பெண் சேவ் பட்டனை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், வட்டம் சுற்றுகிறது. வெயிலில் காய் வெதும்புகிறது என்று விவசாயி கத்துகிறார், கத்தத்தானே செய்வார்.

போஸ்ட்கிரெஸ்தான். நடப்பு செஷன்களின் (இணைப்புகளின்) பட்டியலைப் பார்த்தால் ஒன்று டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. அது விலை மாற்றும் திரை. மேனேஜர் இன்றைய விலையைத் திருத்தத் திறந்துவிட்டு, போனில் பேசிக்கொண்டே வெளியே போயிருக்கிறார். அந்தத் திரை விலை வரிசையை செலக்ட் ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது. எடைச்சீட்டு டேபிளில் புதுச் சீட்டைச் சேர்க்கும்போது, ஃபாரின் கீ (சீட்டு குறிக்கும் விலை வரிசை இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) இருப்பதால், அந்த விலை வரிசை மறைந்துவிடக் கூடாது என்று இதுவும் அதன் மேல் ஒரு சின்னப் பூட்டு கேட்கும். அந்தச் சின்னப் பூட்டும் ஃபார் அப்டேட்டும் ஒத்துப்போகாது. அவர் திரும்பி வரும்வரை லாரி நகராது.

அதைவிட லேசான பூட்டான ஃபார் நோ கீ அப்டேட் என்று மாற்றியதும் எடைமேடை ஓட ஆரம்பித்தது. ஆனால் சரியான வைத்தியம் அதுவல்ல. மனிதர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் டிரான்சாக்‌ஷன் திறந்தே இருக்கக் கூடாது. அதையும் சாஃப்ட்வேர் எழுதியவர்களிடம் சொல்லி மாற்ற வைத்தேன். சும்மா கிடக்கும் டிரான்சாக்‌ஷனை நேரம் பார்த்து வெட்டிவிடும் அமைப்பும் இருக்கிறது, அதையும் போட்டாகிவிட்டது.

இதை எங்கே படித்தேன் என்றால், போஸ்ட்கிரெஸ் மேனுவல். எந்தப் பூட்டு எதோடு மோதும் என்று ஓர் அட்டவணையே அதில் இருக்கிறது. இத்தனை நாள் புத்தகம் புத்தகமாகச் சொன்னேனே, மேனுவலைச் சொல்லவில்லை பாருங்கள். இலவசம், ஆயிரக்கணக்கான பக்கம், ஒவ்வொரு பதிப்புக்கும் திருத்தி வருகிறது. கன்கரன்சி கண்ட்ரோல் (பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வது), எக்ஸ்பிளெய்ன் பயன்படுத்துவது, வேக்யூம் (பழைய வரிசைகளைச் சுத்தம் செய்வது), பேக்கப், வால் ஆகிய பகுதிகளை மட்டும் முதல் வருடத்தில் முடித்துவிடுங்கள்.

2024 ஜூன் 3

அதே ஆலையில் இன்னொன்று பார்த்தேன். லாரி டேபிளில் விவசாயி 1, விவசாயி 2, விவசாயி 3 என்று மூன்று காலம். ஒரு லாரியில் நாலு பேர் காய் வந்த அன்று, மூன்றாவது கட்டத்தில் இரண்டு பெயரைக் கமா போட்டு எழுதியிருக்கிறார்கள். பட்டுவாடா நாளில் ஒருவருக்குப் பணம் போகவில்லை. கார்வின் புத்தகத்தின் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. நார்மலைசேஷன் தேர்வுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் பணம் வராத அந்த மனிதரைப் பார்க்க வேண்டும்.

2024 ஜூன் 9

"மாவட்டம் மாறாத விஷயம், அதைத் தனி டேபிளாக வைத்துவிட்டால் போதும்" என்று ஒருவர். மாறும். 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அன்று ஊர் டேபிளில் மாவட்டத்தை ஒரே அப்டேட்டில் மாற்றினால், 2002-ல் போச்சம்பள்ளியில் நடந்ததும் கிருஷ்ணகிரி மாவட்டக் கணக்கில் ஏறிவிடும். பழைய ரிப்போர்ட்டும் புதுசும் ஒத்துப்போகாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த மாவட்டம் என்று வரிசை வைக்க வேண்டும்.

இதற்கென்றே ரிச்சர்ட் ஸ்னாட்கிராஸ் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், 'டெவலப்பிங் டைம்-ஓரியன்டெட் டேட்டாபேஸ் அப்ளிகேஷன்ஸ் இன் எஸ்க்யூஎல்'. பிடிஎஃப்பை அவரே இலவசமாக வைத்திருக்கிறார்.

2024 ஜூன் 15

பேக்கப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று கேட்டதற்கு நன்றி. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

2017 ஜனவரி 31. புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் கம்பெனியில் இரவு வேலையில் இருந்த பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். பல வகை பேக்கப் வைத்திருந்தார்கள். பேக்கப் எடுக்கும் பிஜி டம்ப் பழைய பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோற்றதாகச் சொல்லும் மெயில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கிட்டத்தட்ட 6 மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் வேறு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) தான் காப்பாற்றியது. எல்லாவற்றையும் அவர்களே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். அந்த அறிக்கையை என்னோடு வேலைக்குச் சேரும் எல்லோரையும் முதல் வாரத்தில் படிக்க வைக்கிறேன்.

அதோடு சேர்த்து ஜிம் கிரே 1985-ல் டாண்டம் கம்பெனியிலிருந்து எழுதிய கட்டுரை, கம்ப்யூட்டர்கள் ஏன் நிற்கின்றன என்பது பற்றி. வன்பொருள் பழுதைவிட, நிர்வகிக்கும் மனிதர் கை வைப்பதால் நிற்பதுதான் அதிகம் என்று கணக்கோடு காட்டினார். டிரான்சாக்‌ஷன் என்றால் என்ன என்று நாம் இன்று சொல்லும் விளக்கத்தில் பெரும்பங்கு அவருடையது. 1998-ல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது. 2007 ஜனவரியில் தாயின் அஸ்தியைக் கரைக்கப் பாய்மரப் படகில் தனியாக சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து போனவர் திரும்பவில்லை. உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் செயற்கைக்கோள் படங்களைப் பங்கு போட்டுக்கொண்டு தேடினார்கள், கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றிப் பார். டேபிள் எண்ணிக்கையை, கடைசி வரிசையின் தேதியை அசலோடு ஒப்பிடு. எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிவை, ஏனென்றால் மேனேஜர் கேட்கப்போகும் முதல் கேள்வி அது.

2024 ஜூன் 22

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சகோதரி: கைக்குழந்தை இருக்கிறது, டிபிஏ என்றால் ராத்திரி எல்லாம் போன் வருமாமே, நமக்குச் சரிவருமா?

போன் வரும் இடங்கள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் போன் வருகிறது என்றால், அந்த இடத்தில் பகலில் ஏதோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள். டேபிள் வடிவமைப்பு, குவெரி சீரமைப்பு, ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது என்று பகல் வேலைகள் இந்தத் துறையில் நிறைய. நேர்காணலில் நேராகவே கேளுங்கள்: போன மாதம் ராத்திரி எத்தனை முறை எழுப்பினார்கள், ஷிப்டை எத்தனை பேர் பிரித்துக்கொள்கிறார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

2024 ஜூலை 6

ஏஐ பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் பயன்படுத்துகிறேன். குவெரி நன்றாகவே எழுதுகிறது. மாங்கூழ் ஆலையின் டேபிள் அமைப்பைக் கொடுத்து விவசாயிவாரியாக பட்டுவாடா கேட்டேன். எழுதிக் கொடுத்தது, பிழையில்லாமல் ஓடியது. லாரியோடும் அட்வான்ஸோடும் ஒரே நேரத்தில் ஜாயின் (டேபிள்களை இணைப்பது) போட்டதால், இரண்டு அட்வான்ஸ் வாங்கியவருடைய எடை இரட்டிப்பாக வந்தது. ஆலைக்காரர் நீட்டிய நோட்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்ததால் தெரிந்தது. ஓடுகிற குவெரிக்கும் சரியான குவெரிக்கும் நடுவில் உட்கார ஒருவர் வேண்டும், அவருக்கு ஜாயின் என்ன செய்கிறது என்று உள்ளே தெரிந்திருக்க வேண்டும்.

2024 ஜூலை 13

தம்பிக்குத் திங்கட்கிழமை பெங்களூரில் நேர்காணல், ஜூனியர் டிபிஏ. என்ன கேட்பார்கள் என்கிறான்.

இன்டெக்ஸ் போட்டும் ஏன் பயன்படவில்லை என்று கேட்பார்கள். காலத்தின் மேல் ஃபங்ஷன் போட்டிருக்கலாம், வகை பொருந்தாமல் இருக்கலாம், டேபிளில் பெரும்பங்கு வரிசை வேண்டியிருக்கலாம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பழசாக இருக்கலாம். டெட்லாக் (இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பது) எப்படி வருகிறது என்று கேட்பார்கள், இரண்டு செஷன் திறந்து இரண்டு வரிசையை எதிரெதிர் வரிசைமுறையில் அப்டேட் செய்து இன்றே ஒரு முறை வரவழைத்துப் பார். ஐசொலேஷன் (ஒருவர் செய்யும் மாற்றம் இன்னொருவருக்கு எப்போது தெரியும் என்ற நிலை) கேட்பார்கள்: போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் இரண்டுக்கும் இயல்பு ரீட் கமிட்டட், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபிக்கு ரிப்பீட்டபிள் ரீட். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சொல்.

தமிழ் நோட்டையும் எடுத்துப் போ. நான் ஆள் எடுக்கும்போது அப்படி ஒரு நோட்டைக் காட்டிய பையனைச் சேர்த்துக்கொண்டேன், இன்று அவன் எனக்கு ஐயம் தீர்க்கிறான். கிரேயும் ராய்ட்டரும் எழுதிய ஆயிரம் பக்கப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, வேலை கிடைத்ததும் காவேரிப்பட்டணம் வந்து வாங்கிக்கொண்டு போ. பூட்டு பற்றிய அத்தியாயங்களில் தொடங்கு.